பதினாலு விரல்

தெருவில் முப்பிடாதி போனால் போனது தெரியாது, வந்தால் வந்தது தெரியாது. எதிரே ஆள் வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவாள். கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே வயிற்றுவலி, வயிற்றுவலி என்று சொல்லி, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுகொண்டவள். அப்படிப்பட்டவளைத் தேடித்தான் ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்காளர் பட்டியலோடு கட்சிக்காரர் வீடு தேடி வந்தார்.

ஊர் தென்காசிக்குப் பக்கத்தில், குத்துக்கல்வலசையைத் தாண்டி இருக்கிறது. முப்பிடாதியின் புருஷன் இசக்கிமணி சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். சாரல் நின்றுவிட்டால் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குவான். தேர்தல் வந்தால் மட்டும் முத்துராமலிங்கம் அண்ணாச்சியோடு சுற்றுவான். முத்துராமலிங்கம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். மேலத்தெரு ஓட்டுகளுக்கு அவர்தான் பொறுப்பு.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டமன்றத் தேர்தல் சமயம், இரண்டு பேரும் முன்னறையில் பட்டியலை விரித்துவைத்துப் பேருக்குப் பேர் குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்கு விழுகிற ஓட்டுக்கு டிக், விழாததற்குப் பெருக்கல், சந்தேகமானதற்குக் கேள்விக்குறி.

"கடைசி வீடு, மூணு ஓட்டு. போடு டிக்கு" என்றார் முத்துராமலிங்கம்.

"அது விழாது" என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருலே அது உள்ள?"

இசக்கிமணி திகைத்துப் போனான். "எம் பொண்டாட்டிதான் அண்ணாச்சி. அவ எதுவும் பேச மாட்டாளே!"

"பேசட்டும். ஏம்மா, ஏன் விழாது?"

முப்பிடாதி கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். "ஒரு மாசமா அவுக வீட்டுல ராத்திரி நியூஸ் வேற சானல்ல ஓடுது. மருமகன் வந்துட்டுப் போனதுலேருந்து."

முத்துராமலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏலே இசக்கி, இந்த மாதிரி ஒரு ஆள வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு என்னய வெயில்ல அலைய விட்டியேடே!"

அன்றைக்குத் தொடங்கியது. அவள் சொன்ன கணக்கும் பெட்டியிலிருந்து வந்த கணக்கும் ஐந்தாறு ஓட்டுக்கு மேல் விலகியதே இல்லை. போலீஸ், பட்டாளத்தில் ஆள் இருக்கிற வீடுகள் டெல்லித் தேர்தலுக்கு ஒரு மாதிரியும் சென்னைத் தேர்தலுக்கு இன்னொரு மாதிரியும் போடும். பஞ்சாயத்துத் தேர்தல் என்று வந்துவிட்டால் கட்சியெல்லாம் கொடியில் தொங்கும் வேட்டிக்கரையோடு சரி. அங்காளி பங்காளிகளான சொக்காரன் வகையறா எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டு. அந்த வகையறாவோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் அதற்கு எதிர்ப்பக்கம். துபாயிலும் சவுதியிலும் ஆள் இருக்கிற வீட்டில் வெள்ளிக்கிழமை போனில் வருகிற சேதியைப் பொறுத்து மாறும். கல்யாண பிளெக்ஸில் யார் படம் பெரிதாக இருக்கிறது, எந்தக் காலண்டர் கூடத்தில் தொங்குகிறது, எது கதவுக்குப் பின்னால் போய்விட்டது, எல்லாவற்றையும் அவள் பார்த்துவைப்பாள். புருஷன் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு வேறு பட்டனை அமுக்கிவிட்டு வருகிற பெண்ணை அவள் நடையிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த ஒரு விஷயத்தில்தான் ஊர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. மற்றபடி அவள் இசக்கிமணி பொண்டாட்டி. முத்துராமலிங்கம் மட்டும், "முப்பிடாதியக் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார். அதைக் கேட்கும்போது அவளுக்குக் கழுத்தெல்லாம் சூடாகும். அது பிடித்திருந்தது.

அவள் மனம்விட்டுப் பேசுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். நான்கு வீடு தள்ளி இருந்த ஹஸீபா வீடு. ஹஸீபாவின் புருஷன் உவைஸ் சவுதியில் இருந்தான். மாமியார் ஜாஹிரா பீவியும் மாமனார் யாக்கூபும் அவளோடு இருந்தார்கள். முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தெருப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்தாள் ஹஸீபா. ஹெம்மிங் அடிப்பதும் கொக்கி வைப்பதும் முப்பிடாதியின் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் போய் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்தான் எழுந்திருப்பாள். ஹஸீபா பேசிக்கொண்டே இருப்பாள், இவள் கேட்டுக்கொண்டே ஊசியை ஓட்டுவாள். இவள் பேசினால் ஹஸீபா மிஷினை நிறுத்திவிடுவாள்.

"நீ வாயத் தொறக்கறதே அபூர்வம் யக்கா. மிஷின் சத்தத்துல போயிரக் கூடாதுல்லா" என்பாள்.

பஞ்சாயத்துத் தேர்தல் ஒரு ஐப்பசி நெருக்கத்தில் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். முத்துராமலிங்கம் தன் மனைவி ஆனந்தவள்ளியை நிறுத்தினார். எதிரே குத்தாலிங்கம் தன் மனைவி முத்துசெல்வியை நிறுத்தினார். ஆனந்தவள்ளிக்குப் பூட்டுச்சாவி சின்னம், முத்துசெல்விக்கு ஆட்டோ. போஸ்டரில் மனைவிமார் படம் சின்னதாகவும் புருஷன்மார் படம் பெரிதாகவும் இருந்தன.

மற்றத் தேர்தல்களைப் போல இதற்கு மிஷின் கிடையாது. வார்டுக்கு ஒரு நிறம், தலைவருக்கு ஒரு நிறம், ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு என்று நான்கு நிறத்தில் சீட்டு. முத்திரைக் கட்டையை எடுத்துக் குத்த வேண்டும். வயதான பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று முத்துராமலிங்கம் ரோஸ் நிற மாதிரிச் சீட்டு ஒரு கட்டு கொண்டுவந்து முப்பிடாதியிடம் கொடுத்தார்.

நாலு பேர் முன்னால் பேசுவதை நினைத்தாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஹஸீபா வீட்டு முன்னறையிலேயே வைத்துக்கொண்டாள். அளவு கொடுக்க வருகிறவர்கள், சும்மா வந்து உட்காருகிறவர்கள் என்று மூன்று நாளில் இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கையில் முத்திரை இல்லை. ஜாஹிரா பீவி துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். முப்பிடாதி அதில் விரலைத் தொட்டு, சாவிப் படத்தின் மேல் வைத்து அழுத்திக் காட்டினாள்.

"கோட்டுக்கு வெளிய போகக் கூடாது. ரெண்டு படத்துலயும் படக் கூடாது. இங்கன வச்சு, இப்பிடி அழுத்திட்டு, நீட்ட வாக்குல மடிக்கணும்."

ஒவ்வொருத்தியும் விரலை நீலத்தில் தொட்டு அழுத்திப் பார்த்தாள். "ஏட்டி, பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்கையி இப்பிடி நடுங்கல" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முதல் நாள் வந்தவர்களுக்கு, உள்ளே கட்டை இருக்கும், அதை எடுத்துத்தான் குத்த வேண்டும் என்று முப்பிடாதி சொன்னாள். அடுத்த இரண்டு நாளில் சொன்னாளா என்பது அவளுக்கு நினைவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டாள்.

மேலத்தெருவில் சாவிக்கு நூற்றிப் பதினெட்டு, ஆட்டோவுக்கு எழுபத்தொன்று என்று கணக்குக் கொடுத்தாள்.

தென்காசியில் ஓட்டு எண்ணிய அன்று சாயங்காலம் சேதி வந்தது. ஆனந்தவள்ளி ஒன்பது ஓட்டில் தோற்றுப் போனாள். மற்றத் தெருக்களில் எல்லாம் நினைத்தபடிதான் வந்தது. மேலத்தெருவில்தான் சாவிக்கு நூற்றி நான்கு. பதினாலு ஓட்டு இடித்தது.

மறுநாள் முத்துராமலிங்கம் வீட்டுக் கூடத்தில் இருபது பேர் கூடியிருந்தார்கள். முப்பிடாதியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தூணோரம் நின்றாள். ஆனந்தவள்ளியின் கண் அழுது வீங்கியிருந்தது.

"இத்தன வருசமா ஒன் கணக்கு தப்பினதில்லயே" என்றார் முத்துராமலிங்கம். "பதினாலு ஓட்டு எங்கன போச்சு? யாரு மாத்திக் குத்துனா?"

"தெரியல அண்ணாச்சி."

"தெரியலயா?" என்று மூலையிலிருந்து ஒருவன் சிரித்தான். "இவ கணக்க நம்பி நாம கால் நீட்டித் தூங்கிட்டோம். பேசாம கிளி ஜோசியம் பாத்திருக்கலாம்."

கூடம் சிரித்தது. இசக்கிமணி தரையைப் பார்த்தான். முப்பிடாதி தூணைப் பிடித்துக்கொண்டாள். எல்லாக் கண்ணும் தன் மேல் இருந்தது. ஏதாவது சொன்னால் அந்தக் கண்ணெல்லாம் வேறு பக்கம் திரும்பிவிடும் என்று மட்டும் தோன்றியது.

"தேர்தலுக்கு மூணு நாளைக்கு முன்ன முத்துசெல்வி ஹஸீபா வீட்டுக்கு ரெண்டு வாட்டி வந்தா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சொன்னதில் பொய் இல்லை. முத்துசெல்வி வந்தது உண்மை. பிளவுஸ் கை இறுக்கமாக இருக்கிறதென்று பிரித்துத் தைக்க வந்தாள். முதல் தடவை கொடுத்துவிட்டுப் போனாள், இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு போனாள். அந்த பிளவுசுக்குக் கொக்கி வைத்ததே முப்பிடாதிதான். அதை அவள் சொல்லவில்லை.

"அதான பாத்தேன்" என்று யாரோ சொன்னார்கள். உவைஸ் ஊரில் இல்லாததால் அந்த வீட்டில் மூன்று ஓட்டுதான், இடித்தது பதினாலு. ஆனாலும் அளவு கொடுக்க வருகிற பெண்களை ஹஸீபா பேசி மாற்றியிருப்பாள், சவுதியிலிருந்து புருஷன் சொல்லியிருப்பான் என்று பேச்சு தானாக வளர்ந்தது. அந்த வீட்டுக்குத் தெருவில் சொக்காரனும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை. கூடம் கலையும்போது எல்லோரும் ஒரு மாதிரி நிம்மதியாகத்தான் கலைந்தார்கள்.

யாரும் ஹஸீபா வீட்டுக்குப் போய்ச் சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. வருஷம் முழுக்கத் தைப்பதில் பாதியை ஹஸீபா அந்தப் பதினைந்து நாளில்தான் தைப்பாள். முதலில் ஆனந்தவள்ளியின் தங்கை வந்து, "அவசரமில்ல, துணியக் குடு, பொறவு பாத்துக்கிடுதேன்" என்று வாங்கிப் போனாள். அடுத்த நாள் மூன்று பேர். வெட்டாத துணியெல்லாம் ஒரு வாரத்தில் திரும்பிப் போயிற்று. வெட்டிய துணியைக்கூட இரண்டு பேர் அப்படியே கேட்டு வாங்கினார்கள்.

"நான் என்ன செஞ்சேன் யக்கா?" என்று கேட்டாள் ஹஸீபா. "ஒனக்குத் தெரியாம தெருவுல ஒண்ணு நடக்காதே. சொல்லேன்."

முப்பிடாதி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். "தெரியலட்டி" என்றாள். அன்று நூல் நாலு தடவை தவறியது.

தீபாவளி முடிந்த மறுவாரம், மிஷின் சும்மா கிடந்த ஒரு மத்தியானம். ஜாஹிரா பீவி முறுக்குத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீ சொல்லித் தந்தத நான் அப்பிடியே செஞ்சேம்மா" என்றாள். "வாசல்ல ஒருத்தன் விரல்ல மை வச்சான். உள்ள கட்டை ஒண்ணு கெடந்துச்சு, அது எதுக்குன்னு தெரியல, நான் தொடல. மை காயறதுக்கு முன்ன வெரசலா சாவி மேல விரல வச்சு நல்லா அழுத்திட்டேன். கோட்டுக்கு வெளிய ஒரு சொட்டு போகல, ஆமா."

பெருமையாக அந்த இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணில் மை இன்னும் கறுப்பாக இருந்தது.

முப்பிடாதி கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். அடுத்த மூன்று நாள், தண்ணீர்க் குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் மெதுவாக விசாரித்தாள். "எப்பிடிப் போட்டீய?" என்று ஒரு கேள்விதான். பொழுது போகாமல் கேட்கிறாள் என்று நினைத்து அவர்கள் விரலை நீட்டினார்கள். இத்தனை வருஷம் பட்டனை அமுக்கிப் பழகிய விரல்கள். ஜாஹிரா பீவியோடு சேர்த்துப் பதினாலு.

இசக்கிமணியின் சட்டைப்பையில் ஓட்டு எண்ணிக்கைத் தாள் மடிந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். மேலத்தெரு: சாவி 104, ஆட்டோ 71, செல்லாதவை 14. ஆட்டோவுக்கு அவள் சொன்ன எழுபத்தொன்றேதான் விழுந்திருந்தது. யாராவது மாற்றிக் குத்தியிருந்தால் அது கூடியிருக்க வேண்டாமா? தெருவில் ஒருத்தர்கூட மாறவில்லை. அன்றைக்குக் கூடத்தில் நிற்கும்போது இந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் போதும்.

முத்துராமலிங்கத்திடம் போனாள். தானாக ஒரு வீட்டுக்குப் போய் ஒரு ஆம்பிளையிடம் பேசியது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தாள்.

அவர் ஹோஸை அடுத்த பாத்திக்கு மாற்றினார். "எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார்.

"அண்ணாச்சி?"

"எண்ணுத எடத்துல நம்ம ஏஜெண்டு பாத்துட்டானே. பதினாலு சீட்டுலயும் விரல் ரேகை. வரிசையா சாவி மேலயே." லேசாகச் சிரித்தார். "அத வெளிய சொல்ல முடியுமா, நீயே சொல்லு. துரோகத்துல தோத்தான்னா நாலு பேரு பாவம்னு சொல்லுவான். விரல வச்சுத் தோத்தான்னா குத்தாலிங்கம் அஞ்சு வருசத்துக்கு டீக்கடையில உக்காந்து சிரிப்பான்."

"ஹஸீபா வீட்ட..."

"அந்த வீட்ட நானா சொன்னேன்? நீதானம்மா சொன்ன." குரலில் கோபமே இல்லை. "விடு. நாள் போனா எல்லாம் மறந்துரும். சொல்லிக்கொடுத்தது நீன்னு நான் யாருகிட்டயும் சொல்லல. இசக்கிக்கும் நம்ம வேலை இருக்கு. நீயும் விட்டுரு."

வீடு திரும்புகிற வழியில் ஹஸீபா வீட்டு வாசலில் முப்பிடாதி நின்றாள். உள்ளே ஹஸீபா போனில் உவைஸோடு பேசுகிற சத்தம் கேட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று நடந்தாள். மறுநாள், பொங்கல் துணி வரட்டும், தெரு தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். அதற்கு அடுத்த நாள் குழாயடியில் பத்துப் பேர் நின்றபோது வாயைத் திறந்தாள். ஒருத்தி திரும்பி, "என்னட்டி?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பொங்கலுக்கும் துணி வரவில்லை. தை பிறந்து பத்தாம் நாள் லோடு ஆட்டோ வந்தது. தென்காசியில் ஹஸீபாவின் அம்மா வீட்டுப் பக்கம் வீடு பார்த்திருந்தார்கள். மிஷினை ஏற்றும்போது முப்பிடாதி ஒரு பக்கம் பிடித்தாள். ஜாஹிரா பீவி அவள் கன்னத்தைத் தொட்டு, "நீ ஒருத்திதான் கடைசி வரைக்கும் வந்த" என்றாள். அப்போதும் அவள் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. பாராளுமன்றத் தேர்தல் வந்தது. முத்துராமலிங்கம் எப்போதும் போலப் பட்டியலோடு வந்தார். இசக்கிமணி பேர்களை வாசித்தான். நாலாவது பக்கத்தில் யாக்கூப், ஜாஹிரா பீவி, ஹஸீபா, உவைஸ் நாலு பேர் மேலும் குறுக்கே நீக்கம் என்று அச்சாகியிருந்தது.

"இது போச்சு, அடுத்தது வாசி" என்றார் முத்துராமலிங்கம்.

"எனக்கு இனிமே தெரியாது அண்ணாச்சி" என்று அடுக்களையிலிருந்து சொன்னாள் முப்பிடாதி.

அவர் வற்புறுத்தவில்லை. இப்போது போனிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு பையன் செய்கிறான் என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

மறுநாள் தென்காசிக்கு பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் போனாள். ஹஸீபா ஜன்னலோரம் மிஷின் போட்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தாள். முப்பிடாதி டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். கூடம், கிளி ஜோசியம், தூண், முத்துசெல்வி, பதினாலு விரல், தென்னம்பிள்ளை. அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. ஹஸீபா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

முடித்ததும் மிஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள் ஹஸீபா.

"மாமி மவுத்தாகி எட்டு மாசம் ஆச்சு" என்றாள் பிறகு. "நாம ஒழுங்காத்தான போட்டோம், பொறவு ஏன் அந்தத் தெரு நம்மள அப்பிடிப் பாத்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. இது தெரியாமலே கண்ண மூடிட்டாவ."

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒண்ணு கேக்கேன். முத்துசெல்வி பிளவுசுக்குத்தான் வந்தாளான்னு அன்னைக்கு யாராவது கேட்டிருந்தா, ஆமான்னு சொல்லியிருப்பியா யக்கா?"

முப்பிடாதி யோசித்தாள். "யாரும் கேக்கல" என்றாள்.

"ஆமா. யாரும் கேக்கல."

வாசலில் ஒரு பெண் துணிப்பையோடு வந்து நின்றாள். நாளை மறுநாள் கல்யாணம், எப்படியாவது தைத்துத் தர வேண்டும் என்றாள். ஹஸீபா டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவெடுக்க எழுந்தாள். வந்தவள் முப்பிடாதியைப் பார்த்து, "இவுக யாரு, சொந்தமா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஹஸீபா, டேப்பைத் தோளில் வைத்துப் பிடித்தபடி. "முன்ன இருந்த ஊருல, நாலு வீடு தள்ளி."